மூச்சு லேசானால் போதுமா? ஆக்லாந்தும் ஆஸ்துமா முதலுதவியின் வரலாறும்

ஆஸ்துமா முற்றி மூச்சுத் திணறுபவருக்கு என்ன செய்வது என்று நியூசிலாந்தில் கேட்டால் விடை சுருக்கமாக வரும். நிமிர்ந்து உட்கார வையுங்கள். இன்ஹேலரை ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழலில் பொருத்திக் கொடுங்கள். சில நிமிடத்தில் தேறவில்லை என்றால் அவசர உதவி எண்ணான 111ஐ அழையுங்கள். பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடம் இதில் கடைசியாக நிற்பதுதான். 1976க்குப் பிறகு பத்தாண்டுக்கும் மேலாக, வளர்ந்த நாடுகள் எதிலும் காணாத விகிதத்தில் நியூசிலாந்து இளைஞர்கள் ஆஸ்துமாவால் இறந்தார்கள். பெரும்பாலான சாவுகள் மருத்துவமனைக்கு வெளியே நடந்தன. வைத்தியமே எட்டாத ஏழை நாட்டுக் கதை அல்ல இது. மருத்துவர்களும் மருந்தும் தாராளமாக இருந்த நாட்டில், இன்ஹேலர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோதே நடந்தது.

அந்தச் சாவுகளை எண்ணி உலகுக்குக் காட்டியவர்களில் முன்னோடிகள் ஆக்லாந்து மருத்துவர்கள். அந்த எண்ணிக்கையிலிருந்து இன்றைய முதலுதவி முறை வரை வந்த பாதையை இக்கட்டுரை தொடர்கிறது. மூச்சு லேசாவது வேறு, உயிர் தப்புவது வேறு. முதலாவதைப் பார்த்து இரண்டாவதும் ஆகிவிட்டதாக எடுத்துக்கொண்டதே அந்தக் காலத்தின் அடிப்படைப் பிழை என்பது என் வாதம்.

சென்னையிலிருந்து கிளம்பிய புகை

திணறும்போது உடனே இழுக்க ஒரு மருந்து என்ற எண்ணத்துக்கு இன்ஹேலரைவிட வயது அதிகம். அதன் நவீன வரலாற்றின் ஒரு நுனி சென்னையில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைத் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், இங்குள்ளவர்கள் இழுப்புக்கு ஊமத்தையின் வேரையும் தண்டையும் உலர்த்தி, இடித்து, புகையாக இழுப்பதைக் கவனித்தார். 1802ஆம் ஆண்டளவில் அவர் அதை ஜெனரல் ஜென்ட் என்பவருக்குச் சொல்ல, அவர் வழியாக அது பிரிட்டனுக்குப் போனது. கோச்சினீல் பூச்சி வளர்ப்பதற்காகச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்ட அதே ஆண்டர்சன்தான் இவர். அவர் சிலை இன்றும் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் இருக்கிறது. அடுத்த நூற்றாண்டு முழுவதும் ஐரோப்பிய மருந்துக் கடைகளில் ஊமத்தை இலை அடைத்த ஆஸ்துமா சிகரெட்டுகள் விற்றன. ஊமத்தை கொடிய விஷச் செடி, வீட்டில் யாரும் முயலக் கூடாதது. ஆனால் அதிலுள்ள அட்ரோபீன் வகைச் சேர்மங்கள் மூச்சுக்குழாயைத் தளர்த்துவது உண்மை. அந்த வழியில் பிறந்த இப்ராட்ரோபியம் இன்றும் கடும் தாக்குதலின்போது நெபுலைசரில் சேர்க்கப்படுகிறது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அட்ரினலின் ஊசி வந்தது, பிறகு எஃபெட்ரின், பிறகு தியோஃபிலின். நம் ஊரில் 'டெரிஃபிலின் ஊசி' என்றால் தெரியாதவர் குறைவு. இரவில் இழுப்பு வந்தால் தெருமுனை டாக்டரை எழுப்பி அந்த ஊசியைப் போட்டுக்கொண்டு வந்த குடும்பங்கள் ஏராளம். இந்த ஊசிகளுக்குப் பொதுவாக ஒன்று இருந்தது. மருந்து இன்னொருவர் கையில் இருந்தது. நோயாளி அவரைத் தேடிப் போக வேண்டும், அவர் பார்ப்பார், நாடி பிடிப்பார், நிலைமை மோசம் என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்.

1956இல் அமெரிக்காவின் ரைக்கர் நிறுவனம் அளவிட்டுத் தெளிக்கும் இன்ஹேலரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மெய்சனின் மகளுக்கு ஆஸ்துமா. தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே மாதிரி என் மருந்தையும் ஏன் டப்பாவில் அடைக்கக் கூடாது என்று அந்தப் பெண் கேட்டதுதான் தொடக்கம் என்பார்கள். அன்று முதல் முதலுதவி மருத்துவரின் பையிலிருந்து நோயாளியின் சட்டைப் பைக்கு இடம் மாறியது. எத்தனையோ பேருக்கு அது விடுதலை. அதே சமயம், இடையில் இருந்து நிலைமையை எடைபோட்ட அந்த இன்னொரு ஆள் காட்சியிலிருந்து மறைந்தார். பிறகு நடந்தவற்றை இந்த ஒரு மாற்றத்தை மறந்துவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது.

இரண்டு அலைகள்

முதல் அலை 1960களில் அடித்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, நார்வே ஆகிய இடங்களில் இளம் ஆஸ்துமா நோயாளிகளின் மரணம் திடீரென ஏறியது. அமெரிக்காவில் ஏறவில்லை. ஐசோபிரினலின் மருந்தை ஐந்து மடங்கு செறிவில் அடைத்த 'ஃபோர்ட்டே' இன்ஹேலர் விற்ற நாடுகளில்தான் அது ஏறியது என்று 1972இல் பால் ஸ்டாலி எடுத்துக்காட்டினார். பிரிட்டனில் 1967இல் எச்சரிக்கை விடப்பட்டபின் விற்பனையும் மரணமும் சேர்ந்தே இறங்கின. 1969இல் வந்த சால்பியூட்டமால், அதாவது நாம் நீல இன்ஹேலர் என்று அழைக்கும் மருந்து, இதயத்தை அவ்வளவாகச் சீண்டாமல் மூச்சுக்குழாயைத் தளர்த்தியது. சிக்கல் தீர்ந்தது என்று உலகம் நம்பியது.

நியூசிலாந்தில் மட்டும் தீரவில்லை. 1981இல் ஆக்லாந்து மருத்துவர் வில்சனும் அவருடைய சகாக்களும் லான்செட் இதழில் ஒரு கேள்வியை வைத்தார்கள். இளம் நோயாளிகள் திடீர் திடீரென இறக்கிறார்கள். இன்ஹேலரையும் தியோஃபிலின் மாத்திரையையும் சேர்த்துக் கொடுக்கும் புதுப் பழக்கம் காரணமாக இருக்குமா? அந்த ஐயம் பின்னால் நிலைக்கவில்லை. ஆனாலும் மருந்தின் மேலேயே சந்தேகக் கண் வைத்த துணிச்சல் அங்கேதான் தொடங்கியது. அடுத்த ஆண்டு ராட்னி ஜாக்சன், ராபர்ட் பீகிள்ஹோல், ஹாரி ரீ, சதர்லாந்து ஆகியோர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், நியூசிலாந்தில் ஆஸ்துமா மரணத்தின் புதிய கொள்ளை அலை ஒன்று எழுந்திருப்பதாக அறிவித்தார்கள். மரணச் சான்றிதழ் எழுதும் முறை மாறியதால் எண்ணிக்கை ஏறியதுபோலத் தோன்றுகிறதா என்று முதலில் சோதித்து, அப்படியல்ல என்று நிறுவியது அந்தக் கட்டுரையின் பலம். 5 முதல் 34 வயதுக்குள், ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்கு நான்கு மரணத்துக்கு மேல் போயிருந்தது. இந்த வயதை ஏன் எடுத்தார்கள் என்றால், முதியவர்களிடம் ஆஸ்துமாவைப் புகைப்பிடிப்பால் வரும் நுரையீரல் நோயிலிருந்து பிரித்துச் சொல்வது கடினம். இளையோரிடம் அந்தக் குழப்பம் இல்லை.

அடுத்து நாடு தழுவிய ஈராண்டு ஆய்வு நடந்தது. 1981 ஆகஸ்டு முதல் 1983 ஜூலை வரை நிகழ்ந்த ஆஸ்துமா மரணங்கள் தனித்தனியே ஆராயப்பட்டன. டனீடினில் மால்கம் சியர்ஸும் ஆக்லாந்தின் கிரீன் லேன் மருத்துவமனையில் ஹாரி ரீயும் இதில் முக்கியமானவர்கள். ஆக்லாந்து மரணங்களை, உயிரோடிருக்கும் ஆஸ்துமா நோயாளிகளோடு ஒப்பிட்டு ரீயின் குழு 1986இல் வெளியிட்ட ஆய்வு, யாருக்கு ஆபத்து அதிகம் என்பதைக் கூர்மையாகச் சொன்னது: முன்பே ஒருமுறை உயிர்போகும் நிலைக்குச் சென்று மீண்டவர்கள், கடந்த ஓராண்டில் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், மனத்தாலும் குடும்பச் சூழலாலும் நெருக்கடியில் இருந்தவர்கள். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் இறப்பு விகிதம் மற்றவர்களுடையதைவிட வெகு அதிகம் என்பதும் தேசிய ஆய்வில் பதிவானது. திரும்பத் திரும்ப வந்த இன்னொரு செய்தி, உதவி கேட்பதில் தாமதம். நோயாளியோ வீட்டாரோ, சிலபோது மருத்துவரோகூட, தாக்குதலின் கடுமையைக் குறைத்து மதித்திருந்தார்கள்.

ஏன் குறைத்து மதித்தார்கள்? நோயாளியின் அசட்டை என்று சொல்லிவிடுவது எளிது, ஆனால் நியாயம் அல்ல. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் இரண்டு விதமாக அடைபடுகிறது. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுவது ஒன்று. உட்சுவர் வீங்கி, கெட்டியான சளி அடைத்துக்கொள்வது மற்றொன்று. நீல இன்ஹேலர் முதலாவதைச் சில நிமிடங்களில் தளர்த்திவிடும், இரண்டாவதைத் தொடாது. நான்கு மணி நேரம் மூச்சு லேசாக இருக்கும், உள்ளே வீக்கம் ஏறிக்கொண்டே போகும். மறுபடி அடித்தால் மறுபடி லேசாகும், இம்முறை இரண்டு மணி நேரம். இடைவெளி சுருங்குவதுதான் ஆபத்தின் அறிகுறி. ஆனால் திணறுபவருக்கு ஒவ்வொரு முறையும் 'சரியாகிவிட்டது' என்ற செய்தி வந்துகொண்டே இருக்கிறது. இறந்தவர்களின் நுரையீரலைப் பிரேதப் பரிசோதனையில் திறந்தபோது, பசைபோன்ற சளி மூச்சுக்குழாய்களை அடைத்திருந்ததைக் கண்டார்கள்.

ஃபினோட்டெரால் வழக்கு

இங்கே வெலிங்டன் நுழைகிறது. ஜூலியன் கிரேன், நீல் பியர்ஸ், ரிச்சர்ட் பீஸ்லி, கார்ல் பர்ஜெஸ் ஆகியோரின் குழு ஒரு பொருத்தத்தைக் கவனித்தது. ஃபினோட்டெரால் என்ற இன்ஹேலர் நியூசிலாந்துக்கு வந்தது 1976இல். மரணம் ஏறத் தொடங்கியதும் அப்போதுதான். ஒரு முறை அழுத்தினால் 200 மைக்ரோகிராம் வெளிவரும்; சால்பியூட்டமாலில் 100 மட்டுமே. இதயத்தைத் தூண்டுவதிலும் ரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைப்பதிலும் ஃபினோட்டெரால் கூடுதல் வேகம் காட்டியது. ஆக்சிஜன் குறைந்து தவிக்கும் உடலில் அது எதைச் செய்யும் என்பதை ஊகிக்கலாம்.

தேசிய ஆய்வில் சேகரித்த 117 மரணங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு ஆஸ்துமா நோயாளிகளை ஒப்பீட்டுக்கு வைத்து அவர்கள் கணக்கிட்டார்கள். கட்டுரை 1989 ஏப்ரலில் லான்செட்டில் வந்தது. மொத்தமாகப் பார்த்தால் ஃபினோட்டெரால் எழுதப்பட்டவர்களுக்கு ஆபத்து ஒன்றரை மடங்குதான். நோய் மிகக் கடுமையாக இருந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது சுமார் 13 மடங்கு.

மருந்தைத் தயாரித்த போரிங்கர் இங்கெல்ஹைம் நிறுவனம் கடுமையாக மறுத்தது. கடுமையான நோயாளிகளுக்குத்தான் மருத்துவர்கள் அந்த மருந்தை எழுதினார்கள், சாவுக்குக் காரணம் நோய்தான், மருந்து அல்ல என்பது எதிர்வாதத்தின் சாரம். தள்ளிவிட முடியாத வாதம் அது. எந்த மருந்தைப் பற்றிய ஆய்விலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே. ஆனால் அந்த வாதம் சரியென்றால், ஒரே அளவு கடுமையுள்ளவர்களுக்குள் ஒப்பிடும்போது ஆபத்து குறைந்திருக்க வேண்டும். இங்கே கூடியது. வெலிங்டன் குழு மேலும் இரண்டு ஒப்பீட்டு ஆய்வுகள் செய்தது; முடிவு மாறவில்லை. 1989 இறுதியில் அரசு அந்த மருந்துக்கான மானியத்தை நிறுத்தியது. அது சந்தையிலிருந்து ஏறக்குறைய மறைய, மரண விகிதம் பாதியாக விழுந்து, பிறகு எழவேயில்லை. வீக்கத்தைக் குறைக்கும், உள்ளிழுக்கும் ஸ்டீராய்டின் பயன்பாடு அந்த ஆண்டுகளில் கூடிவந்தது என்பதும் உண்மை, அதற்கும் பங்கு உண்டு. என்றாலும் இவ்வளவு செங்குத்தான வீழ்ச்சியை அதைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது என்றே நான் கருதுகிறேன். இந்தப் போராட்டத்தை நீல் பியர்ஸ் பின்னாளில் ஒரு நூலாகவே எழுதினார். 2007இல் ஆக்லாந்துப் பல்கலைக்கழக அச்சகம் அதை வெளியிட்டது.

ஒரு மருந்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் பாதிக் கதைதான் கிடைக்கும். 1990இல் சியர்ஸ் குழு, ஃபினோட்டெராலை நாள்தோறும் தவறாமல் இழுத்தவர்களுக்கு, தேவைப்படும்போது மட்டும் இழுத்தவர்களைவிட ஆஸ்துமா கட்டுப்பாடு குறைவாக இருந்ததைக் காட்டியது. 1992இல் கனடாவின் சஸ்காட்சவன் மாகாண ஆய்வு, மாதாமாதம் காலியாகும் டப்பாக்களின் எண்ணிக்கை கூடக்கூட மரண ஆபத்தும் கூடுவதை ஃபினோட்டெரால், சால்பியூட்டமால் இரண்டிலுமே கண்டது. அதே மாகாணத் தரவிலிருந்து 2000இல் சமி சுவிசா காட்டியது மறுபக்கம். உள்ளிழுக்கும் ஸ்டீராய்டை ஓராண்டில் ஒரு டப்பா கூடுதலாகப் பயன்படுத்தினாலே மரண விகிதம் 21 சதவீதம் குறைந்தது. உடனே எதையும் உணர வைக்காத மருந்து உயிரைக் காத்தது. உடனே இதம் தந்த மருந்து, தனியே நின்றபோது, காக்கவில்லை.

வீட்டிலும் தெருவிலும்

முதலுதவி இதற்குப் பிறகுதான் உருமாறியது. வெலிங்டன் குழு, கிரெடிட் கார்டு அளவிலான ஓர் அட்டையை உருவாக்கி, 1990களின் தொடக்கத்தில் வைராரப்பா பகுதி மாவோரி மக்களோடு சேர்ந்து பயன்படுத்திப் பார்த்தது. நீங்கள் பலமாக ஊதும் மூச்சின் வேகம் இந்த எண்ணுக்குக் கீழே போனால் இதைச் செய்யுங்கள், இன்னும் கீழே போனால் ஆம்புலன்ஸை அழையுங்கள் என்று அதில் எழுதியிருக்கும். காணாமல் போன அந்த இன்னொரு ஆளின் வேலையை, எடைபோட்டுச் சொல்லும் வேலையை, அட்டை எடுத்துக்கொண்டது. என் பார்வையில் எந்தப் புது மருந்துக்கும் குறையாத கண்டுபிடிப்பு இது.

இன்று ஆக்லாந்தில் கற்பிக்கும் முறையை அருகிலிருந்து பார்ப்போம். திணறுபவரைப் படுக்க வைக்கக் கூடாது. நிமிர்ந்து, சற்று முன்சாய்ந்து, கைகளை மேசையிலோ முழங்காலிலோ ஊன்றி உட்காரட்டும். அப்போதுதான் மார்புக்கூட்டுத் தசைகள் முழுப் பலத்தோடு வேலை செய்யும். இறுக்கமான சட்டைப் பொத்தானைத் தளர்த்துங்கள். நீல இன்ஹேலரைக் குலுக்கி, ஸ்பேசரில் பொருத்தி, ஒரு முறை அழுத்தி, அதன் வழியே ஆறு முறை மூச்சு விடச் சொல்லுங்கள். பிறகு மீண்டும் குலுக்கி அடுத்தது. இப்படி ஆறு அழுத்து வரை கொடுக்கலாம். ஸ்பேசர் இல்லாமல் வாயில் நேரே அடித்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையில் படிந்து வீணாகும். திணறும் ஒருவர் அழுத்துவதையும் இழுப்பதையும் ஒரே நொடியில் செய்வது நடக்காத காரியம். நெபுலைசரில்தான் பலன் என்று நம்மவர்கள் நினைப்பார்கள். மிதமான தாக்குதலில் ஸ்பேசர் அதற்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை என்று ஆய்வுகள் பலமுறை காட்டிவிட்டன. ஸ்பேசரைப் பாத்திரம் துலக்கும் சோப்புத் தண்ணீரில் அலசி, துணியால் துடைக்காமல் அப்படியே காய விட வேண்டும். துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, மருந்துத் துளிகள் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

சில நிமிடத்தில் தேறவில்லை என்றாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை என்றாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, ஆள் சோர்ந்து தூங்கி வழிந்தாலோ, உடனே 111. உதவி வரும் வரை மருந்தைத் தொடர்ந்து கொடுங்கள். கவனமாகப் பார்க்க வேண்டியது இன்னொன்று: விசில்போல வந்துகொண்டிருந்த இழுப்புச் சத்தம் நின்றுபோவது. தேறிவிட்டார் என்று வீட்டார் நிம்மதியடைவார்கள். ஆள் தெளிவாகப் பேசுகிறார், மூச்சு எளிதாகப் போகிறது என்றால் நிம்மதிதான். பேச முடியாமல், சத்தமும் இல்லாமல் இருந்தால், சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூட உள்ளே காற்று போகவில்லை என்று பொருள்.

111 என்ற எண்ணைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. 1958இல் மாஸ்டர்டன் நகரில் தொடங்கிய சேவை இது.    தமிழ்நாட்டில் இந்த இடத்தில் 2008 முதல் இருப்பது 108.

சாண்டிரிங்காம், மவுண்ட் ராஸ்கில் போன்ற ஆக்லாந்துப் பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. குளிர்கால ஈரமும் பூஞ்சையும் தூசிப்பூச்சியும் அந்த ஊர் வீடுகளின் பழைய தொல்லை. மூச்சுக்கு அவை பகை. மூச்சு வாங்கினால் நம் வீடுகளில் முதலில் கை போவது தைலத்துக்கும் வெந்நீர் ஆவிக்கும்தான். ஆஸ்துமாத் தாக்குதலில் ஆவி பயன் தராது, கொதிநீர் கவிழ்ந்து குழந்தை வெந்துபோகும் ஆபத்துதான் மிச்சம். இன்னொரு நம்பிக்கை இதைவிடக் கெட்டியானது: 'இன்ஹேலர் பழகினா விட முடியாது.' இதைச் சொல்லியே பழுப்பு நிற ஸ்டீராய்டு இன்ஹேலரை நிறுத்திவிட்டு, மூச்சு முட்டும்போது மட்டும் நீலத்தை எடுக்கிறார்கள். பயப்பட வேண்டியதை விட்டு, காப்பாற்றுவதைக் கண்டு பயப்படுகிறார்கள். மேலே கண்ட வரலாறு முழுவதும் இந்த ஒரு பழக்கத்துக்கு எதிரான சாட்சி. ஸ்டீராய்டு என்ற சொல்லே கிலியைத் தருகிறது என்றால், இழுக்கும் மருந்தின் அளவு மைக்ரோகிராமில் என்பதையும், மாத்திரையாக விழுங்குவது மில்லிகிராமில் என்பதையும் வீட்டுப் பெரியவர்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆக்லாந்து இன்னொரு வழியிலும் நம்மோடு தொடர்புடையது. குழந்தைகளின் ஆஸ்துமாவை உலகெங்கும் ஒரே வினாத்தாளால் அளந்த ஐசாக் ஆய்வின் தரவு மையம் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் இருந்தது. இன்னஸ் ஆஷர் அதை வழிநடத்தினார். 1998இல் வெளியான முதற்கட்ட முடிவுகளில் 56 நாடுகளின் பிள்ளைகள் இருந்தார்கள், சென்னை, நெய்வேலிப் பிள்ளைகளும் அவர்களுள் அடக்கம். மூச்சிரைப்பு மிகுந்த நாடுகளின் வரிசையில் பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியாவுடன் நியூசிலாந்தும் மேலே நின்றது. இந்தியா வெகு கீழே.

நீலத்தின் இடத்தில்

கடைசித் திருப்பம் அண்மையில் நிகழ்ந்தது, அதிலும் ரிச்சர்ட் பீஸ்லியின் பெயர் வருகிறது. இதம் தரும் மருந்தும் வீக்கம் குறைக்கும் மருந்தும் ஒரே டப்பாவில் இருந்தால் என்ன என்பது கேள்வி. ஃபார்மோட்டெரால் என்ற மருந்து நீலத்தைப் போலவே சில நிமிடங்களில் வேலை செய்யும், நெடுநேரம் நிற்கும். அதனோடு புடசொனைடு என்ற ஸ்டீராய்டைச் சேர்த்தால், மூச்சு முட்டி இன்ஹேலரை எடுக்கும் ஒவ்வொரு முறையும் நோயாளி தன்னை அறியாமலே வீக்கத்துக்கும் மருந்து எடுத்துக்கொள்கிறார். 2019இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த நாவல் ஸ்டார்ட் ஆய்வில், லேசான ஆஸ்துமா உள்ள 668 பேரில் இந்தக் கூட்டு மருந்தைத் தேவைப்படும்போது மட்டும் எடுத்தவர்களுக்கு, நீலத்தை மட்டும் எடுத்தவர்களைவிடத் தாக்குதல்கள் பாதியாகக் குறைந்தன. அதே ஆண்டு லான்செட்டில் வந்த, நியூசிலாந்திலேயே நடந்த பிராக்டிகல் ஆய்வும் அதே திசையைக் காட்டியது. உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழு 2019இல், நீல இன்ஹேலரை மட்டும் தனியே வைத்துச் சிகிச்சை செய்வதைப் பரிந்துரைப்பதில்லை என்று அறிவித்தது. 2020இல் நியூசிலாந்து வழிகாட்டுதல் 12 வயதுக்கு மேற்பட்டோருக்குக் கூட்டு மருந்தையே முதல் தேர்வாக்கியது. 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம் அதே முறையைச் சோதித்த நியூசிலாந்து ஆய்வு ஒன்று 2025இல் வெளிவந்தது. அங்கும் தாக்குதல்கள் குறைந்தன.

இதனால் முதலுதவிப் பாடத்தில் ஒரு புதுக் கேள்வி சேர்ந்திருக்கிறது. திணறுபவரின் பையில் இருப்பது எந்த இன்ஹேலர்? கூட்டு மருந்து என்றால் அதுவே அவருடைய அவசர மருந்தும். மருத்துவர் எழுதிக் கொடுத்த திட்டத்தில் உள்ள அளவுப்படி அதையே கொடுக்க வேண்டும். பழுப்பு நிற ஸ்டீராய்டு மட்டும் இருந்தால் அது அந்த நேரத்துக்கு உதவாது. பள்ளி, அலுவலக முதலுதவிப் பெட்டிகளில் இன்னும் நீலம்தான் இருக்கிறது, தன்னுடைய இன்ஹேலர் கையில் இல்லாதவருக்குத் தயங்காமல் அதைக் கொடுக்கலாம். இந்தியாவில் இந்தக் கூட்டு மருந்து ஃபோராகார்ட் போன்ற பெயர்களில் எல்லா ஊர் மருந்துக் கடைகளிலும் கிடைக்கிறது. ஆனால் பெரும்பாலும் 'காலை ஒன்று, இரவு ஒன்று' என்றே எழுதித் தரப்படுகிறது, திணறும்போது எடுக்க அதே வீட்டில் தனியே ஒரு நீல டப்பாவும் இருக்கிறது. ஊரிலிருந்து ஆக்லாந்துக்கு மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ வரும் பெற்றோர் இரண்டு டப்பாக்களோடு இறங்குகிறார்கள். அங்கே மருமகளோ பேரனோ ஒன்றே ஒன்றை வைத்திருக்கிறார்கள். நள்ளிரவில் யாருக்காவது முட்டும்போது எதை எடுப்பது என்ற குழப்பம் வராமலிருக்க, வந்த வாரத்திலேயே குடும்ப மருத்துவரிடம் எல்லா டப்பாக்களையும் கொண்டுபோய்க் காட்டி, அவசரத்துக்கு எது, எத்தனை முறை, எப்போது 111 என்பதைத் தமிழில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைப்பது நல்லது.